முதல் அடியில் குத்தும் வலி

திருமயத்தில் தரை என்றாலே கல்தான். ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி 1687இல் கட்டிய கோட்டை பாறையின் மேல் நிற்கிறது. அதே மலையின் தென்புறத்தில் சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் பாறையைக் குடைந்த கோயில்களில் இருக்கிறார்கள். பிராகாரத்தில் கல், வாசற்படியில் கல், புதுவீடென்றால் உள்ளே கிரானைட் அல்லது டைல்ஸ். அதனால் இந்தப் பக்கத்தில் யாருக்காவது குதிங்கால் வலி வந்தால் பழி முதலில் கல்லின் மேல்தான் விழும். "வெறுங்காலோட கல்லுல நடந்தா வலிக்காம என்ன செய்யும்?" என்பார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கல்லில் செருப்பே போடாமல் வாழ்ந்து முடித்த அப்பத்தாவுக்கு வராத வலி, நாற்பது வயதுப் பேத்திக்கு ஏன் வந்தது?

கல்லுக்கு அடுத்தபடியாகப் பழி ஏற்பது எக்ஸ்-ரே படத்தில் தெரியும் எலும்புக் கூர். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், குதிகால் எலும்பின் அடியிலிருந்து முன்பக்கமாக ஒரு சின்னக் கூர் நீட்டிக்கொண்டிருக்கும். "எலும்பு வளர்ந்திருக்கு, அதான் குத்துது" என்று சொல்லிவிட்டால் நோயாளிக்கு ஒரு திருப்தி. எதிரியைக் கண்ணால் பார்த்தாயிற்று. அன்று முதல் ஒவ்வோர் அடியிலும் அந்தக் கூர் சதையைக் குத்துவதாகவே அவர் மனதில் படம் ஓடும். அந்தப் படம் தவறு. ஆஸ்திரேலியாவில் 62 வயதுக்கு மேற்பட்ட 216 பேரின் பாதங்களைப் படமெடுத்துப் பார்த்து 2008இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தக் கூர் இருந்தது. எல்லோரும் நொண்டிக்கொண்டு நடந்தவர்கள் அல்லர். வலி உள்ளவர்களிடம் கூர் சற்று அதிகம் காணப்படுவது உண்மைதான். ஆனால் நெடுங்காலச் சுமை கூரையும் வளர்க்கிறது, வலியையும் தனியாகத் தருகிறது. கூர் நீட்டிக்கொண்டிருக்கும் திசையையும் பாருங்கள்: அது தரையை நோக்கி இல்லை, விரல்களை நோக்கி இருக்கிறது. அது எப்படித் தரையோடு சேர்ந்து குத்தும்?

வலி எங்கே, எப்போது வருகிறது என்று கேட்டால்தான் காரணம் பிடிபடும். பெரும்பாலோர் சொல்வது ஒரே கதை. காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது சுருக்கென்று உயிர் போகிற வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு, முன்பாதத்தில் ஊன்றி, பத்து இருபது அடி போனதும் பரவாயில்லை என்றாகிவிடும். மதியம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே சுருக். மாலையில் மந்தமான கடுப்பு. இனி ஒரு சோதனை. கால் கட்டைவிரலை ஒரு கையால் மேல்நோக்கி மடக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கைப் பெருவிரலால் குதிகாலின் உட்பக்கத்தில், உள்ளங்கால் பள்ளம் தொடங்கும் விளிம்பில் அழுத்துங்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குள் ஓர் இடத்தில் "ஆ!" என்று கத்த வைக்கும் புள்ளி இருந்தால், பத்தில் எட்டுப் பேருக்கு இருக்கும் அதே கோளாறுதான் உங்களுக்கும். மருத்துவர்கள் இதைப் பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்பார்கள். இதைக் கண்டுபிடிக்க எக்ஸ்-ரே அனேகமாகத் தேவையே இல்லை. ஐயம் இருந்தால் ஸ்கேன் எடுத்து, அந்த இடத்தில் உள்ளங்காலின் நார்ப்பட்டை 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அந்த நார்ப்பட்டை குதிகால் எலும்பில் தொடங்கி, உள்ளங்கால் முழுக்க விரிந்து, ஐந்து பிரிவாகி விரல்களின் அடியில் போய்ச் சேர்கிறது. தோலுக்கும் தசைக்கும் நடுவே கிடக்கும் வெள்ளைப் பட்டை. அது என்ன வேலை செய்கிறது என்பதை 1954இல் இங்கிலாந்தின் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் அழகாக விளக்கினார். நின்றுகொண்டே கட்டைவிரலை மட்டும் யாரையாவது மேலே தூக்கிவிடச் சொல்லுங்கள். உள்ளங்காலின் வளைவு தானாக உயரும். கிணற்று உருளையைச் சுற்றினால் கயிறு சுற்றிக்கொண்டு வாளியை இழுப்பதுபோல, விரல் மடங்கும்போது பட்டை விரலின் மூட்டைச் சுற்றி இழுபட்டு, குதிகாலை முன்னோக்கி இழுத்து, வளைவைத் தூக்குகிறது. நாம் ஒவ்வோர் அடியிலும் குதிகாலைத் தூக்கி விரலில் உந்தும்போது இதுதான் நடக்கிறது. தளர்ந்திருந்த பாதம் அந்த நொடியில் விறைத்து, உந்தித் தள்ளத் தோதான நெம்புகோலாகிறது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை இந்த இழுப்பு. அதன் முழுப் பாரமும் பட்டை எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்தில் விழுகிறது. நீங்கள் அழுத்திக் கத்திய இடம் அதுதான்.

காலையில் மட்டும் ஏன் அவ்வளவு வலி? தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இரவு முழுக்கப் பட்டையும் கெண்டைக்கால் சதையும் சுருங்கிய நிலையிலேயே கிடக்கின்றன. முதல் அடியில் உடம்பின் பாரத்தோடு திடீரென்று நீட்டப்படுகின்றன.

இந்தக் கோளாறின் பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. "ஐட்டிஸ்" என்று முடியும் பெயர்கள் அழற்சியைக் குறிப்பவை. 2003இல் அமெரிக்காவில் லெமாண்ட் என்ற பாத மருத்துவரும் அவர் குழுவினரும், அறுவை சிகிச்சையில் எடுத்த 50 பேரின் நார்ப்பட்டைத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அழற்சியின் அடையாளமான அணுக்களைக் காணோம். நார்கள் கலைந்து, நைந்து, ஒழுங்கிழந்து கிடந்தன. ஆண்டுக்கணக்காக நீடித்த வலிக்காரர்களின் திசு அது என்பதை மறக்கக் கூடாது. தொடக்கத்தில் அழற்சி இருந்திருக்கலாம். ஆனாலும் மாதக்கணக்கில் வலி நிவாரணி மாத்திரை விழுங்கியும் குதிகால் மசியாததற்கு இது ஓரளவு விடை சொல்கிறது. வீக்கத்தை அடக்கும் மாத்திரை, நைந்த நாரைப் பின்னித் தராது. நார் மீண்டும் வலுவாக வேண்டுமானால் அதற்குத் தாங்கக்கூடிய சுமையை, தாங்கக்கூடிய அளவில், தொடர்ந்து கொடுக்க வேண்டும். கட்டிலில் படுத்து முழு ஓய்வெடுத்தாலும் தேறாது. வீம்புக்கு நடந்தாலும் தேறாது.

சுமை எங்கிருந்து வருகிறது? ரிடில் என்பவரின் தலைமையில் அமெரிக்காவில் 2003இல் வந்த ஆய்வு, வலி உள்ள 50 பேரையும் இல்லாத 100 பேரையும் ஒப்பிட்டது. மூன்று விஷயங்கள் தனித்தனியே நின்றன. நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. உடல் எடை, உயரத்துக்கும் எடைக்குமான கணக்கில் 30க்கு மேல் போனவர்களுக்கு வலி வரும் வாய்ப்பு சுமார் ஐந்தரை மடங்கு. மூன்றாவதுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது: கணுக்கால் மேல்நோக்கி மடங்காத விறைப்பு. பாதத்தைச் செங்குத்துக்கு மேல் மடக்கவே முடியாதவர்களுக்கு இருபது மடங்குக்கும் மேல்.

இங்கே அப்பத்தாவிடம் திரும்பலாம். குத்தவைத்து உட்கார்ந்து பாத்திரம் துலக்கினார், மீன் ஆய்ந்தார், களை பறித்தார். குத்தவைக்கும்போது குதிகால் தரையில் பதிந்திருக்க, முழங்கால் விரல்களைத் தாண்டி முன்னே போகிறது. கணுக்கால் முழு அளவுக்கு மடங்குகிறது, கெண்டைச்சதை நன்றாக நீள்கிறது. பேத்தி நாற்காலியில் உட்காருகிறாள், மேடை அடுப்பில் நின்று சமைக்கிறாள், கழிவறையும் மேல்நாட்டு முறை. கணுக்கால் முழுக்க மடங்கும் நேரம் அவள் நாளில் எதுவுமில்லை. இது என் ஊகம்தான். அப்பத்தாக்களை வரிசையில் நிறுத்தி அளந்து பார்த்து யாரும் சொன்னதல்ல. அப்பத்தாவுக்கும் வலித்து, அவர் யாரிடமும் சொல்லாமல் போயிருக்கவும் வாய்ப்புண்டு. இருந்தாலும் உங்கள் கணுக்கால் எப்படி என்று பார்ப்பது எளிது. சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிக் கட்டைவிரல் நுனியை வையுங்கள். குதிகாலைத் தூக்காமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால், எட்டாத தூரம் எவ்வளவோ அவ்வளவு விறைப்பு.

திடீர் சுமையும் ஒரு காரணம். தைப்பூசத்துக்குப் பழனிக்கும், சித்திரையில் சமயபுரத்துக்கும் இந்த மாவட்டத்திலிருந்து நடந்து போகிறவர்கள் ஏராளம். வருடம் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, மாலை போட்ட கையோடு வெறுங்காலில் தார்ச்சாலையில் நாளுக்கு முப்பது கிலோமீட்டர் போனால் பட்டை என்ன பாடுபடும்? முருகன் மன்னிப்பார், நார்ப்பட்டை மன்னிக்காது. நடக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மாதம் முன்பிருந்தே தூரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தால் பட்டையும் பழகும்.

இனி நிவாரணம். முதலில் நம்ம ஊர்க் கைவைத்தியத்தையே எடுத்துக்கொள்வோம். செங்கல்லை அடுப்பில் சூடாக்கி, மேலே எருக்க இலையை அடுக்கி, அதன்மேல் குதிங்காலை வைத்து வைத்து எடுப்பது. அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. சூடு, வலியை மறக்கடிக்கும், சதையைத் தளர்த்தும். இலையின் பங்கு என்ன என்பதற்கு உறுதியான சான்று இல்லை; சூட்டின் உறைப்பைச் சற்றுத் தணித்து ஈரச்சூடாக்கித் தருகிறது என்பது வரை ஒப்புக்கொள்ளலாம். இரண்டு எச்சரிக்கைகள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படும்; இலை கிள்ளிய கையைக் கழுவாமல் முகத்தைத் துடைக்கக் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் செங்கல் பக்கமே போகக் கூடாது. சூடு தெரியாது, தோல் வெந்துவிடும், புண் ஆறாது. மரத்த காலோ இல்லையோ, ஒத்தடத்தால் நார் வலுப்படாது.

வலுப்படுத்த இரண்டு வேலைகள் போதும். ஒன்று, நியூயார்க்கில் டிஜியோவான்னி குழுவினர் 2003இல் சோதித்த நீட்டல். எழுந்து முதல் அடி வைப்பதற்கு முன்பே, பாயில் உட்கார்ந்தபடி வலிக்கும் காலை மறு தொடை மேல் போட்டுக்கொண்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுக்க வேண்டும். உள்ளங்காலில் பட்டை விறைப்பதை மறு கையால் தடவினால் தெரியும். பத்து எண்ணும் வரை பிடித்து விட்டு, பத்து முறை. நாளுக்கு மூன்று வேளை. வெறும் கெண்டைச்சதையை மட்டும் நீட்டியவர்களைவிட இப்படிச் செய்தவர்கள் எட்டு வாரத்தில் நன்றாகத் தேறினார்கள்.

இன்னொன்று டென்மார்க்கிலிருந்து வந்தது. எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. ராத்லெஃப் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 48 பேரிடம் சோதித்தார்கள். படிக்கட்டின் விளிம்பில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, விரல்கள் அதன்மேல் மடங்கி நிற்க, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். ஏற மூன்று நொடி, மேலே இரண்டு நொடி, இறங்க மூன்று நொடி. பன்னிரண்டு முறை செய்து ஓய்வெடுத்து, அப்படி மூன்று சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரம் போனதும் முதுகில் ஒரு பையை மாட்டி, அதில் புத்தகங்களைப் போட்டுச் சுமையைக் கூட்ட வேண்டும். எண்ணிக்கை குறையும், சுற்றுகள் கூடும். துண்டு எதற்கு? விரல் மடங்கினால் பட்டை விறைக்கும் என்று ஹிக்ஸ் சொன்னது நினைவிருக்கிறதல்லவா, அந்த விறைப்பில் சுமை நேராகப் பட்டைக்கே போகிறது. மூன்று மாதத்தில் இவர்கள், நீட்டல் மட்டும் செய்தவர்களைவிட வெகுவாக முன்னேறியிருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது இந்தப் பயிற்சி சீக்கிரம் கொண்டுசேர்க்கிறது. பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் வலி அடங்கிவிடுகிறது என்பதுதான் இந்த நோயின் இயல்பு. ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலாலும் தொடங்கலாம், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயமில்லை, மறுநாள் காலை முதல் அடி முன்னைவிட மோசமானால் சுமையைக் குறைக்க வேண்டும்.

ஸ்டீராய்டு ஊசி? போட்ட சில நாளில் மாயம்போல வலி போகும். ஏறக்குறைய ஒரு மாதம். அதன்பின் ஊசி போட்டவரும் போடாதவரும் ஒன்றுதான். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையவும் வாய்ப்பு உண்டு. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, நிற்காமல் முடியாது என்ற நெருக்கடியில் ஒரு முறை போட்டுக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் கொழுப்பு மெத்தையிலிருந்துதான் செருப்பின் கதை தொடங்குகிறது. குதிகால் எலும்புக்கும் தோலுக்கும் இடையே சுமார் 18 மில்லிமீட்டர் தடிமனில், சின்னச் சின்ன நார்ச்சுவர் அறைகளுக்குள் கொழுப்பு அடைபட்டிருக்கிறது. மிதிக்கும்போது கொழுப்பு ஓடிவிடாமல் அறைகள் தடுக்கின்றன. வயதானால் சுவர்கள் தளர்ந்து மெத்தை தட்டையாகும். அப்போது வலி குதிகாலின் நட்டநடுவில், வெறுங்காலில் கல்தரையில் நடந்தால் வரும். காலை முதல் அடியின் சுருக் இராது. ஆக, கல்லின் மேல் போட்ட பழி இந்த ஒரு வகைக்குப் பொருந்தும். இதற்கு மெத்தென்ற செருப்பு நேரடி மருந்து. மற்ற வகைக்கும் அது துணை.

காலணிக் கடைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பு தமிழ்நாட்டில், வலியே தெரியாத பாதங்களுக்காக உருவானது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சேர்ந்து தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராய்ந்தார். விரல்கள் நோயால் தாமாக உதிர்வதில்லை, உணர்ச்சி இல்லாததால் காயப்பட்டுக் காயப்பட்டு அழிகின்றன என்று காட்டினார். பாதத்தில் அழுத்தம் எங்கே குவிகிறது, எந்தப் பொருள் அதைப் பரப்பும் என்று வேலூரிலும் கரிகிரியிலும் பலவற்றைச் சோதித்துப் பார்த்து வந்து சேர்ந்தது இந்த நுண்துளை ரப்பர். அடியில் கடினமான அடிப்பாகம், மேலே மெத்தென்ற ரப்பர், பின்வார். ஆணியே அடிக்கக் கூடாது, ஆணி குத்தினாலும் அந்தக் காலுக்குத் தெரியாது. இன்றும் தொழுநோயாளிகளுக்கு அரசு இதை இலவசமாகக் கொடுக்கிறது. வலி தெரியாத காலுக்காகச் செய்ததை வலியால் துடிக்கும் காலுக்கும் மாட்டிக்கொண்டோம்.

வாங்கும்போது குதிகால் பக்கம் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள்: அமுங்கி உடனே எழ வேண்டும், அமுங்கியே கிடந்தால் பழையது. ஒரு ஜோடி வெளியே போக, இன்னொரு ஜோடி வீட்டுக்குள் மட்டும். வீட்டுக்குள் செருப்பா என்று மாமியார் முகம் சுளித்தால், பூஜையறை வாசலில் கழற்றிவிடுகிறேன் என்று சொல்லிச் சமாளிக்கலாம். பெண்கள் விடிந்தது முதல் நிற்பது அந்த அடுக்களைத் தரையில்தானே.

எல்லாக் குதிங்கால் வலியும் இந்த இரண்டு வகைக்குள் அடங்காது. விளையாடிவிட்டு வந்து குதிகாலின் பின்புறம் வலிக்கிறது என்று பத்து வயதுப் பையன் சொன்னால், அது வளரும் எலும்பின் பிரச்சினை. எலும்பு முற்றும்போது தானே போய்விடும். இருபத்தைந்து வயது இளைஞருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் முதுகும் அரைமணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால், அது முதுகெலும்பு வாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம். மூட்டு வாத மருத்துவரைப் பார்க்க வேண்டும். குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கைகளால் நெருக்கும்போது துடிக்க வைக்கும் வலி என்றால், எலும்பில் மயிரிழை முறிவாக இருக்கலாம். எரிச்சலும் மின்சாரம் பாய்வதுபோன்ற ஓட்டமும் இரவில் அதிகமென்றால் நரம்பு. ஓய்விலும் வலி, காய்ச்சல், எடை இறக்கம் என்றால் ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாது.

இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு: சீமைக்கருவேல முள். வரப்பில் மிதித்துத் தைத்து, பிடுங்கும்போது நுனி ஒடிந்து உள்ளே தங்கிவிடும். தோல் மூடி, அந்த இடம் மாதக்கணக்கில் கெட்டியாகி வலிக்கும். மர முள் எக்ஸ்-ரேயில் தெரியாது, ஸ்கேனில் தெரியும். முள் குத்திய இடம் வலியே இல்லாமல் பெருத்துக்கொண்டே போய், துளைகள் விழுந்து மணல்மணலாகக் கசிந்தால் அது வேறு நோய். 1842இல் மதுரையில் ஜான் கில் என்ற மருத்துவர் விவரித்ததால் உலக மருத்துவ நூல்களில் அதற்கு மதுரைக் கால் என்றே பெயர். பூஞ்சையோ பாக்டீரியாவோ காரணம். வலியில்லை என்று விட்டால் எலும்பு வரை அரிக்கும்.

பெரும்பாலோரிடம் திரும்பினால், பயிற்சியும் செருப்பும் இருந்தும் வலி திரும்புவதற்கு முதற்காரணம் வேலை. திருமயத்திலிருந்து விடியலில் பஸ் ஏறி, புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலும் காரைக்குடியிலும் ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் நிற்கும் பெண்கள் எத்தனை பேர்! 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்கிறது 22-ஏ பிரிவு. கேரளம் 2018லேயே இதைச் செய்துவிட்டது. இருக்கை போட்டுவிடுவது எளிது. வாடிக்கையாளர் இல்லாதபோது அதில் உட்கார்ந்தவளை மேற்பார்வையாளர் எப்படிப் பார்க்கிறார் என்பதில்தான் சட்டத்தின் உயிர் இருக்கிறது. மணிக்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எழும்முன் காலை நீட்டி விரலை இரண்டு முறை மடக்கிவிட்டால் அடுத்த அடியின் சுருக் குறையும். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கு இந்தப் பிரிவு இல்லை. வீட்டு அடுக்களைக்கு எந்தச் சட்டமும் இல்லை. அங்கே ஓர் உயரமான ஸ்டூலைப் போட்டு, காய் நறுக்குவதையாவது உட்கார்ந்து செய்துகொள்ளலாம்.